டம்ளருக்குள் எத்தனை காபி?

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். நாளைக்கு இரண்டு காபி போதும் என்கிறார் மருத்துவர். வீட்டில் வாங்குவது சிக்கரி கலந்த தூள். சிக்கரியால் அழுத்தம் ஏறுமா? (கும்பகோணம்)

பதில்: சிக்கரி ஒரு செடியின் வறுத்த வேர், அதில் கஃபீன் கிடையாது. அழுத்தத்தைச் சில மணி நேரத்துக்கு ஏற்றிவைக்கும் கஃபீன் காபிக் கொட்டையில் இருக்கிறது. அதிலும் ரோபஸ்டா என்ற வகைக் கொட்டையில், அராபிகா என்ற வகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே மருத்துவர் சொன்ன 'இரண்டு காபி' எவ்வளவு என்பது, டம்ளரைக் காட்டிலும் தூளின் கலவையையும் டிகாக்‌ஷனின் திடத்தையும் பொறுத்தது. இந்த இடத்தில் என் நெடுநாள் மனக்குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கலப்புத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், இரண்டின் விகிதத்தையும் உறையில் அச்சிட வேண்டும் என்பதும் நம் நாட்டு விதி. அச்சிடத்தான் செய்கிறார்கள்: நுரை ததும்பும் டபரா உறையின் பாதியை அடைத்துக்கொள்ள, விகிதம் மட்டும் கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய பொடி எழுத்தில் பதுங்கியிருக்கும், ரோபஸ்டா எவ்வளவு என்ற பேச்சே பல உறைகளில் இராது. அரைத்துக் கொடுக்கும் கடையில் வாங்கினால், கொட்டையின் வகையைக் கேட்டு, சிக்கரியைக் கண்முன்னே நிறுத்துப் போடச் சொல்லலாம். இதையெல்லாம் கேட்காமல், விலை மலிவென்று ரோபஸ்டாவே மிகுந்த தூளை வாங்கி ஒரு மாதம் குடித்து, படபடப்புக்கு வெயிலைக் குறை சொன்னவன் நான்.

கேள்வி: ரத்த அழுத்தத்தைக் குணமாக்கும் மூலிகைக் காபி என்ற விளம்பரத்தை நம்பி 2,400 ரூபாய் கட்டினோம். விற்றவரின் பேச்சைக் கேட்டு அம்மா மாத்திரையையும் நிறுத்திவிட்டார், இப்போது தலைசுற்றல். பணம் திரும்புமா? (திண்டுக்கல்)

பதில்: பணம் பிறகு, அம்மாவை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஏமாந்ததற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். குற்றம் முழுவதும் விற்றவருடையது. ரத்த அழுத்தத்தைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. இது மருந்தல்ல, உணவு என்று அவர் நழுவினால், தவறான உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. உறை, ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை.

கேள்வி: புதிதாக வாங்கிய பி.பி. கருவி, காலைக் காபி குடித்ததும் பார்த்தால் 150-க்கு மேல் காட்டுகிறது, மாலையில் 130. பழுதான கருவியைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். (சேலம்)

பதில்: கருவியோடு வந்த கையேட்டைப் பிரித்தாவது பார்த்தீர்களா? காபி குடித்து அரை மணி நேரமாவது கழிய வேண்டும்; பிறகு முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பின்பே அளக்க வேண்டும். அப்படி ஒரு வாரம் அளந்து, மருத்துவரின் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை கடைக்காரரோடு சண்டை வேண்டாம். மேற்கையில் கட்டும் கருவியை வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். கச்சிதமாக இருக்கிறதே என்று நான் வாங்கிய மணிக்கட்டுக் கருவி, கையை நெஞ்சுக்கு நேராக வைக்காவிட்டால் அளவை மாற்றிச் சொல்லும். இப்போது அது அலமாரியில் தூங்குகிறது.

கேள்வி: கஃபீன் நீக்கிய காபிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? (கோவை)

பதில்: மாலைக் காபியை விடவே முடியாதவர் கொடுக்கலாம், சிறிதளவு கஃபீன் அதிலும் எஞ்சியிருக்கும்.

கேள்வி: காபி இதயத்துக்கு நல்லது என்று செய்தியில் படித்து, நாளைக்கு நான்கு டம்ளராக்கிவிட்டேன். என் அழுத்தம் 165/100. சலுகை விலையில் 5 கிலோ தூளும் வாங்கியாயிற்று. (மதுரை)

பதில்: அழுத்தம் 160/100-ஐத் தொட்டவர்களில், நாளைக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ காபி குடித்தவர்களிடம் இதய நோய், பக்கவாத மரணங்கள், காபியே குடிக்காதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்ததை 2022-இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது, அந்தச் செய்தி உங்கள் கண்ணில் படவில்லை போலும். முதலில் மருத்துவரைப் பாருங்கள். தூளை உறவினர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.