நீல நிற வீனஸ் செடி உலகத்திலேயே கிடையாது

கேள்வி: ஆன்லைனில் நீலம், ஊதா, சிவப்பு என்று கலர் கலராக வீனஸ் ஃப்ளைட்ராப் (இலைப்பொறியில் பூச்சி பிடித்துத் தின்னும் செடி) விதை வாங்கினேன். 249 ரூபாய். இரண்டு மாதம் கழித்துக் கீரை மாதிரி ஏதோ முளைத்திருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகி, மதுரை)

ஏமாந்தது உங்கள் தவறில்லை, விடாமல் கேளுங்கள். வீனஸ் பச்சைதான், பொறியின் உட்புறம் சிவக்கும், முழுக்கச் சிவந்த ரகமும் உண்டு. நீலமும் ஊதாவும் கம்ப்யூட்டரில் பூசிய நிறம். அசல் விதை கறுத்துப் பளபளக்கும், கடுகைவிடச் சின்னது. சில வருடம் முன்பு எனக்கு வந்த பாக்கெட்டில் இருந்ததோ தட்டையான, வெளுத்த விதை. கையில் கொட்டியதுமே சந்தேகம் வந்தது. ஆனாலும் நம்பி, பீட் பாசி என்ற மக்கிய சதுப்புப் பாசி வாங்கிப் போட்டு, மழைநீர் பிடித்து ஊற்றி நாலு மாதம் காத்திருந்தேன். புல்தான் முளைத்தது. அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போதோ முடிந்திருந்தது.

இந்த வியாபாரம் ஓடுவதே அந்த இடைவெளியில்தான். கெடு சில நாள். விதை முளைக்கவே வாரக்கணக்கு. பொறி முழுசாக வளர மூன்று நாலு வருஷம். போலி என்று தெரியும்போது கடையே பெயர் மாறியிருக்கும். அதைத் தெரிந்தே விற்கிறார்கள், தளங்களும் அனுமதிக்கின்றன. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இது.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், மிச்ச விதை, முளைத்த செடியின் படம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை தரவேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும். 2020 மின்வணிக விதி அது. அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.

கேள்வி: என் வீனஸ் கருகுகிறது. போர்வெல் தண்ணீர், மண்புழு உரம், வாரம் ஒரு கறித்துண்டு கொடுக்கிறேன். கூட வந்த குறிப்பைப் படிக்கவில்லை. (வாசகர், ஈரோடு)

மூன்றையும் நிறுத்துங்கள். மழைநீர் ஊற்றுங்கள். குறிப்பைப் படியுங்கள்.

கேள்வி: சென்னை மொட்டை மாடியில் வீனஸ் வளருமா? (வாசகர், தாம்பரம்)

வீனஸின் சொந்த மண் அமெரிக்காவின் வட, தென் கரோலினா. குளிர்காலத்தில் மூன்று நாலு மாதம் உறங்கி எழும் செடி. சென்னையில் மார்கழி இரவிலும் அந்தக் குளிர் கிடைக்காது, மெல்ல நலிந்துபோகும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் வெயில் படும் இடமாகப் பார்த்து வெளியிலேயே வைக்கலாம். உங்களுக்கு நெபந்தஸ் வென்ட்ராட்டா என்ற குடுவைச் செடி சரிவரும். உச்சிவெயில் படாத, ஈரக்காற்று உள்ள இடத்தில் தொங்கவிடுங்கள். காற்று வறண்டால் குடுவை விடாது.

கேள்வி: வயலோரக் கொடியில் குடுவை மாதிரிப் பூ, உள்ளே ஈக்கள். பூச்சியுண்ணியா? (வாசகி, திருவாரூர்)

இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஆடுதின்னாப்பாளை. மகரந்தத்துக்காக ஈயைச் சிலநேரம் அடைத்து, பிறகு விட்டுவிடும். பூச்சியுண்ணிகளில் பொறி பொதுவாக இலையில்தான் இருக்கும், பூவில் அல்ல. நெபந்தஸில் இலைநுனிக் கம்பியில் மூடியோடு குடுவை தொங்கும். ட்ரோசெரா என்ற இன்னொரு பூச்சியுண்ணியில் இலைமுடிகளில் பசைத்துளி மின்னும்.

கேள்வி: மேகாலயாக் காட்டிலிருந்து எடுத்த நெபந்தஸ் காசியானா 1,500 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா? (வாசகர், கோவை)

வாங்காதீர்கள். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெபந்தஸ் அது, அழிவின் விளிம்பில் இருப்பது. காட்டிலிருந்து பிடுங்கி விற்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த விளம்பரத்தை அப்படியே வனத்துறைக்கு அனுப்பிவிடுங்கள்.