சகோதரனைக் கடிந்துகொள்ளுதல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையின் வேதபாடக் கூட்டத்தில் ஒரு சகோதரர், நல்ல முடிவைத் தருவேன் என்று கர்த்தர் சொல்கிற எரேமியா 29:11-ஐ எடுத்துப் பேசினார். "இந்த வருஷம் முடிவதற்குள் உங்கள் கஷ்டமெல்லாம் தீரும், இது கர்த்தருடைய வாக்கு" என்றார். நான் எழுந்து, "முந்தின வசனத்தையும் வாசியுங்கள் பிரதர்" என்றேன். வாசித்தார். பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பின்பு என்று அங்கே இருக்கிறது. இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் அதோடு பேச்சை முடித்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து வருவதில்லை.

அவர் வசனங்களைப் பிய்த்துப் போதிப்பதைப் பல மாதங்களாகவே கவனித்துக் குறித்து வைத்திருக்கிறேன். அன்போடுதான் சொன்னேன். ஆனால் எல்லோரும் "நியாயந்தீர்க்காதிருங்கள்" என்று என்னையே குறை சொல்கிறார்கள். பவுல் பேதுருவை எல்லோர் முன்பாகவும் கண்டிக்கவில்லையா? சத்தியத்துக்காக நிற்பது தப்பா? (பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள சகோதரருக்கு,

வசனத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்று ஆரம்பிக்கிறது. சீக்கிரம் ஊர் திரும்ப முடியாது என்று அர்த்தம். உங்களைக் குறை சொல்பவர்களும், "நியாயந்தீர்க்காதிருங்கள்" என்று ஆரம்பிக்கிற மத்தேயு 7-ஐ பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். தன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடுத்துப்போட்ட பிறகு சகோதரனுடைய கண்ணிலுள்ள துரும்பை எடுக்கப் பார்வை தெளியும் என்றுதான் அந்தப் பகுதி முடிகிறது. துரும்பை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் ஒரு வசனம் முன்னால் போனீர்கள். நான் ஒரு அதிகாரம் முன்னால் போகச் சொல்வேன். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டு வருஷத்துக்குள் ஆலயத்துப் பாத்திரங்களும் சிறைப்பட்டவர்களும் திரும்பிவிடுவார்கள் என்று ஆசாரியர்கள் முன்பும் ஜனங்கள் முன்பும் சொல்கிறான். பச்சைப் பொய். எரேமியாவும் அதே கூட்டத்துக்கு முன்பாகத்தான் பதில் சொல்கிறார். அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அதைக் கிண்டல் என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஜனங்களுக்காக அழுத மனிதர் அவர். அனனியா சொன்னது உண்மையாக இருந்திருந்தால் அவரைவிடச் சந்தோஷப்பட்டிருக்கக்கூடியவர் யாருமில்லை. அதற்குப் பிறகுதான் மறுப்பு. பாபிலோனுக்குப் பணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோதுகூட அவர் கைகலப்புக்கு நிற்கவில்லை, தன் வழியே போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை மறுபடி வந்த பிறகுதான் திரும்பிவந்து அவனிடம் கடுமையாகப் பேசுகிறார்.

இதை வைத்துத்தான் உங்களிடம் கேட்கிறேன். அந்தச் சகோதரர் வசனத்தைத் தானாகவே சரியாக விளக்கியிருந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமா, கொஞ்சம் ஏமாற்றமாக இருந்திருக்குமா? எனக்குப் பதில் எழுத வேண்டாம். பல மாதங்களாகக் குறித்து வைத்தேன் என்ற வரியில்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. முதல் தப்பைக் கேட்ட அன்றைக்கே அவர் தோளில் கை போட்டுச் சொல்லியிருக்கலாமே? அவ்வளவு நாள் காத்திருந்ததில் அவருடைய நன்மைக்காக என்ன இருந்தது?

அப்புறம் பவுல். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபிடத்திலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியைவிட்டு விலகினார். மற்ற யூதர்களும் விலகினார்கள், பவுலின் உடன் ஊழியரான பர்னபாவும்கூட. சபையே இரண்டாகப் பிரியும் நிலை. அதுவும் பேதுருவுக்கு விஷயம் தெரியாமல் நடந்ததல்ல, தெரிந்தும் பயத்தால் செய்தது. உங்கள் வேதபாடக் கூட்டத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அங்கே இருந்தவர் அரைகுறையாகப் படித்துவிட்டு உற்சாகமாகப் பேசிய ஒரு மனிதர்.

அவருக்குப் பொருத்தமான ஆள், அப்போஸ்தலர் 18-இல் வருகிற அப்பொல்லோ என்ற போதகர். எபேசுவின் ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசுகிறார், ஆனால் யோவான் ஸ்நானகன் கொடுத்த ஞானஸ்நானத்தை மட்டும்தான் அறிந்திருக்கிறார். தப்பு நடந்தது பொது இடத்தில்தான். ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் அதைக் கேட்கிறார்கள். எழுந்து நின்று குறுக்கிடவில்லை. அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, இன்னும் திட்டமாக விளக்குகிறார்கள். அடுத்து அவர் அகாயாவுக்குப் போக விரும்பியபோது, அவரை ஏற்றுக்கொள்ளும்படி சகோதரர்கள் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார்கள். தப்பாகப் பேசியவர் இன்னும் நன்றாகப் பேச அனுப்பப்படுகிறார். கூட்டம் தப்பாகக் கேட்டுவிட்டதே என்பீர்கள். விஷயம் புரிந்தால் அவரே அடுத்த வாரம் திருத்திச் சொல்வார். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தும் அதையே பிடிவாதமாகப் போதித்தால், மத்தேயு 18 சொல்கிறபடி இன்னும் ஒருவரையோ இருவரையோ அழைத்துக்கொண்டு போகலாம், அதற்கும் மேல் சபைக்குச் சொல்லலாம். கூட்டம் அதில் கடைசிப் படி, முதல் படி அல்ல.

இப்போது என்ன செய்வது? முதலில் செய்யக்கூடாதது: "அந்தப் பிரதருக்காக ஜெபியுங்கள், வழிதவறிவிட்டார்" என்று நாலு பேரிடம் சொல்லாதீர்கள். நம் சபைகளில் பாதிப் புறங்கூறுதல் ஜெபக்குறிப்பாகத்தான் நடமாடுகிறது. "கர்த்தர் சொல்லச் சொன்னார்" என்றும் ஆரம்பிக்காதீர்கள். அதற்கு எதிராளி பதிலே சொல்ல முடியாது.

அவரை நேரில் போய்ப் பாருங்கள். எரேமியாவைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். எல்லோர் முன்பும் உங்களைச் சங்கடப்படுத்திவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள், "ஆனால் நான் சொன்னது சரிதான்" என்ற வாலைச் சேர்க்காமல். சிரித்தவர்கள் இருந்த அதே கூட்டத்திலும் அதைச் சொல்லிவிடுங்கள். வசனத்தைப் பற்றி அவராகக் கேட்டால் பேசுங்கள், கேட்காவிட்டால் இன்னொரு நாள் ஆகட்டும். உங்களைப் பார்க்கவே மாட்டேன் என்றால், அவர் மதிக்கிற ஒருவரை அனுப்புங்கள். உங்கள் பக்க நியாயத்தை எடுத்துச் சொல்ல அல்ல, அவர் திரும்பிவர வேண்டும் என்று கேட்க. குறிப்பு நோட்டை யாரிடமும் காட்டாமல் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்.