புளியரைக்கு அந்தப் பக்கம் – கடிதம், பதில்

வணக்கம் சார்,

ஜூலையில் ஒரு சனிக்கிழமை தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துப் புனலூர் போய்த் தங்கிவிட்டு, ஞாயிறு திரும்பலாம் என்று நானும் நண்பரும் நினைக்கிறோம். ரிம் பிரேக் (கட்டை சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை) உள்ள ஹைப்ரிட் சைக்கிள், 32 மி.மீ. டயர். செங்கோட்டை தாண்டி வரும் புளியரை ஏற்றத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

– ஒரு வாசகர், கடையநல்லூர்

அன்புள்ள நண்பருக்கு,

புளியரை ஏற்றம் சீக்கிரம் முடிந்துவிடும். அங்கே கவனிக்க வேண்டியது எஸ் வளைவில் திரும்பும் பார லாரிகளை. முன்பக்கம் எதிர்த்தடம் வரை போகும், பின்சக்கரம் உள்விளிம்பை ஒட்டி அறுத்துக்கொண்டு வரும். அந்த உள்பக்க இடைவெளியில் சைக்கிளை விட்டுவிடாதீர்கள். லாரி நிமிரும்வரை நன்றாகப் பின்னாலேயே இருங்கள்.

கஷ்டம் அதற்கு அப்புறம். ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று சாலை இறங்கிக்கொண்டே போகும், அதுவும் ஜூலை மழையில். நனைந்த ரிம்மில் பிரேக் பிடித்தால் முதல் சில சுற்றுக்குக் கட்டை தண்ணீரைத்தான் வழிக்கும், வேகம் குறையாது. பயந்து இறுக்கிப் பிடிப்பீர்கள். தண்ணீர் போனதும் சட்டென்று பிடித்துச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால் வளைவுக்கு வெகு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை நேர்ச்சாலையிலேயே குறைத்துவிட்டு, வளைவில் கையைத் தளர்த்துங்கள். கிளம்பும் முன் பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். பள்ளம் அழிந்திருந்தால் புதிது போடுங்கள். அலுமினியத் துகள் பதிந்திருந்தால் ஊசியால் தோண்டி எடுங்கள், இல்லையென்றால் ரிம்மையே அரித்துவிடும்.

காற்று வழக்கமாக 75 பிஎஸ்ஐ என்றால் மழைக்கு 65 போதும். இரண்டு மாற்று ட்யூப் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வால்வு மெல்லிய பிரெஸ்டா என்றால் பித்தளை அடாப்டர் கட்டாயம். வழியில் உள்ள பஞ்சர் கடை ஏர் குழாய் அதற்குச் சேராது.

புனலூரில் தங்க வேண்டாம் என்பேன். 1877-இல் கட்டி முடித்த தொங்கு பாலத்தைப் பார்த்துவிட்டு அன்று மாலையே தென்மலைக்கு ஏறிவிடுங்கள். அந்த நாளுக்கு எண்பது கிலோமீட்டர் சுமாராக வரும். ஜூலையில் மேல்காற்று, போகும்போது முகத்தில் அடிப்பது திரும்பும்போது முதுகைத் தள்ளும். ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சம் இருப்பது ஆரியங்காவு ஏற்றம் மட்டும்தான்.

பேச்சுக்குச் சிரமம் இருக்காது. செங்கோட்டையே 1956 அக்டோபர் வரை, கேரளத்துக்கு முந்தைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்து ஊர்தான். ஆரியங்காவு டீக்கடையில் தமிழிலேயே கேட்கலாம். படிப்பதுதான் பாடு. கேரள அரசு பஸ்களில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும். சைக்கிள் மக்கர் செய்தால் ஒருவர் பஸ் ஏற வேண்டிவரும்; செங்கோட்டை, தென்மலை, புனலூர் மூன்றையும் அந்த எழுத்தில் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மழை செயின் எண்ணெயைக் கழுவிவிடும். தென்மலை போனதும் துடைத்து, இணைப்புக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே வழிவதைத் துணியால் எடுத்துவிடுங்கள். காலையில் ஏற்றம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு மாற்றுங்கள். பெடலை அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்று விழும்.