அவர் டெய்லர், நீங்கள் ஹெல்பர்: வாசகர் கேள்வி, சட்டத்தின் பதில்

கேள்வி: ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகளாக அப்பர் (காலணியின் மேல்பகுதி) தைக்கிறேன். அதே லைனில் பக்கத்து மெஷினில் தைக்கும் ஆண் தொழிலாளருக்கு நாள் ஒன்றுக்கு என்னைவிட 70 ரூபாய் கூடுதல். கேட்டால், "அவர் டெய்லர், நீங்கள் ஹெல்பர், யூனியன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இது, கம்பெனிக்கு ஆர்டரும் குறைவு" என்கிறார்கள். எனக்கு வழி உண்டா? – வாசகி, மாதனூர்

பதில்: உண்டு, சகோதரி. உங்களிடம் சொன்ன மூன்று காரணங்களில் ஒன்றுகூடச் சட்டத்தின் முன் நிற்காது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியலமைப்பின் 39ஆவது பிரிவில் அரசு பின்பற்ற வேண்டிய கொள்கையாக எழுதப்பட்டது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் அதை முதலாளியின் கடமையாக்கியது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3ஆவது பிரிவு இந்த உரிமையை அப்படியே காக்கிறது. இரண்டு பேர் செய்வது ஒரே தன்மையுள்ள வேலைதானா என்று அறிய, அதற்கு வேண்டிய திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றையும் வேலை நடக்கும் சூழலையும் பார்க்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. பதிவேட்டில் எழுதிய பதவிப் பெயரை அது அளவுகோலாக வைக்கவில்லை. நீங்கள் தைத்த அப்பர் எது, அவர் தைத்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபோது, ஹெல்பர் என்ற சொல்லுக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை.

பாலாற்றங்கரையின் தோல் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் வைக்கும் வழக்கம் புதிதல்ல. விடியும் முன்பே சமைத்து வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறும் பெண், வேலை பழகும்போது பெற்ற பெயரோடு பத்தாண்டுகள் கழித்தும் அதே லைனில் உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் புதிதாக வந்த நான்கு பேருக்கு அவரே தைக்கக் கற்றுக்கொடுத்திருப்பார். அவருடைய கைத்திறனைப் பெண்களுக்கு இயல்பாகவே உள்ள பொறுமை என்று புகழ்ந்து, அதற்குரிய கூலியை மட்டும் தராமல் விடுவது பெரும் அநீதி என்பதே என் உறுதியான கருத்து.

மற்ற இரண்டு காரணங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 1987லேயே விடை சொல்லிவிட்டது. மெக்கினன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்த ஆட்ரி டிகோஸ்டா, ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடத் தமக்குக் குறைவாகச் சம்பளம் தந்ததை எதிர்த்து வழக்காடினார். தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படியே சம்பளம் தந்தோம் என்றது நிறுவனம். நிதி நிலையையும் காரணம் காட்டியது. சம ஊதியம் தராமலிருக்க இவை எவையும் காரணமாகா என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்களைச் சமமாக்குவதாகச் சொல்லி அந்த ஆண் தொழிலாளரின் கூலியைக் குறைப்பதையும் சட்டம் தடுக்கிறது. ஆகையால் அவர் உங்களுக்கு எதிரியல்லர், மனம் ஒப்பினால் அவரே உங்களுக்கு நல்ல சாட்சி.

இப்போது செய்ய வேண்டியது இது. சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். சீட்டுத் தரவேண்டியது நிறுவனத்தின் கடமை. எந்த மாடலில் எத்தனை ஜோடி தைத்தீர்கள் என்பதை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதுங்கள். குறைத்துத் தந்ததாக மனு வந்தால், சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டதாக மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையதுதான்; ஆனாலும் இருவர் வேலையும் ஒன்றே என்பதைக் காட்ட அந்த நோட்டு பெரிதும் உதவும். தொகை சேர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் நீங்களோ, நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற சங்கமோ, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மனுச் செய்யலாம். பாக்கித் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு தரச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் உண்டு. தனியாகப் போக அச்சமாக இருந்தால், உங்களைப் போலவே ஹெல்பர் என்று எழுதப்பட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: வேலூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் வேலைக்குப் போயிருந்தேன். "கல்யாணமானால் பிரசவ விடுப்புக் கேட்பீர்கள்" என்று சொல்லி, ஆண்களுக்குத் தரும் 16,000 ரூபாயில் 2,000 குறைத்துச் சொன்னார்கள். இது முறையா? – வாசகி, காட்பாடி

பதில்: முறையன்று. வேலைக்கு ஆள் எடுக்கும்போதே பெண் என்பதற்காக வேறுபாடு காட்டுவதையும் அதே 3ஆவது பிரிவு தடுக்கிறது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்த பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு உண்டு. மேலும், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் கடை பதிவாகி, உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, உங்கள் சந்தாவும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், அந்த விடுப்புக் காலத் தொகையை உங்களுக்குத் தருவது இ.எஸ்.ஐ. கழகமே; கடைக்காரர் கல்லாவிலிருந்து அது போவதில்லை. ஆகவே கடை இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சொன்ன சம்பளத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.