அப்பாவுக்குத் தொடை வழி ஆஞ்சியோ: பயப்பட வேண்டுமா?

கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறும் கழிவு) 3.8 இருக்கிற அப்பாவுக்குத் தொடை வழியாகத்தான் ஆஞ்சியோ என்கிறார்கள், கை வழிதானே பாதுகாப்பு, பழைய முறைக்காரரிடம் மாட்டிக்கொண்டோமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பொதுவாக மணிக்கட்டுதான் முதல் தேர்வு, அது சரி. இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு 2015இல் வெளியான மேட்ரிக்ஸ் ஆய்விலும் மாரடைப்போடு வந்தவர்களுக்குக் கை வழியில் இரத்தப்போக்கு குறைவாகவே இருந்தது. ஆனால் சிறுநீரகம் இந்த நிலையில் இருந்தால் பின்னால் டயாலிசிஸ் வரலாம், அதற்குக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கும் இணைப்பு) போட மணிக்கட்டுத் தமனி நல்ல நிலையில் வேண்டும், ஆஞ்சியோ குழாய் போய்வந்த தமனியோ சிலருக்குச் சத்தமில்லாமல் அடைத்துக்கொள்ளும். உள்ளங்கைக்கு இன்னொரு தமனியும் இரத்தம் கொடுப்பதால் அப்போது ஒன்றும் தெரியாது. உங்கள் டாக்டர் அந்த மணிக்கட்டுத் தமனியைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்றுதான் நினைக்கிறேன், அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

நேரே கேளுங்கள்: ஃபிஸ்டுலாவுக்காகத்தான் கை வழியைத் தவிர்க்கிறீர்களா, அல்ட்ராசவுண்டில் பார்த்துக் குத்துவீர்களா? (ஊசி சரியான இடத்தில் இறங்க அது உதவும்.) இரத்தக்குழாய் படத்தில் தெரியச் செலுத்தும் சாயத்தை முடிந்தவரை குறைக்கவும் சொல்லுங்கள், எந்த வழியில் போனாலும் சிறுநீரகத்துக்கு அது சுமைதான்.

முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்கவேண்டும். அப்போது முதுகிலோ அடிவயிற்றிலோ வலி, வியர்வை, தலைசுற்றல் வந்தால் வாயுப்பிடிப்பு என்று விடாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், உள்ளே இரத்தம் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். அப்புறம், ஃபிஸ்டுலா பொதுவாக அவர் அதிகம் பயன்படுத்தாத கையில்தான் போடுவார்கள் என்பதால், அந்தக் கையில் ஊசி, டிரிப் எதுவும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.