ஜப்பானின் உயிரியல் பூங்காச் சங்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: ஜப்பானில் உயிரியல் பூங்காக்களுக்கான தேசியச் சங்கம் எப்போது உருவானது?

1939-இல். டோக்கியோவின் உயெனோ பூங்கா 1882-லேயே திறக்கப்பட்டுவிட்டது. நாட்டின் பூங்காக்கள் ஒரு குடையின் கீழ் வர அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மீன் காட்சியகங்களும் இதில் உறுப்பினர்கள். சுருக்கப் பெயர் 'ஜாசா'.

கே: போரின்போது உயெனோவில் விலங்குகளைக் கொன்றார்களாமே. சங்கம் தடுக்கவில்லையா?

நான்கே வயதான சங்கத்துக்கு அந்த வலிமை ஏது? 1943 ஆகஸ்டில் உத்தரவிட்டவர் டோக்கியோவின் ஆளுநர். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் விலங்குகள் தெருவுக்கு வந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். டோக்கியோ மீது பெரும் குண்டுவீச்சு தொடங்கவோ இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. போரின் கடுமையை மக்கள் மனத்தில் பதிக்கவே அதைச் செய்தார்கள் என்பது என் கருத்து.

நஞ்சு கலந்த உருளைக்கிழங்கை யானைகள் தொடவில்லை. அதனால் பட்டினி போட்டார்கள். செப்டம்பர் 4 அன்று, இறந்த விலங்குகளுக்கு நினைவுச் சடங்கு நடந்தபோது இரண்டு யானைகள் இன்னும் உயிரோடு, திரைக்குப் பின்னால் நின்றன. கடைசியாக டோங்கி என்ற யானை இறந்தது செப்டம்பர் 23-இல். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். நகோயாவின் ஹிகாஷியாமா பூங்காவினர் இரண்டு யானைகளைப் போர் முடியும்வரை காப்பாற்றினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கே: நேரு யானை அனுப்பியது உண்மையா?

உண்மை. யானையில்லாத உயெனோவுக்கு ஒரு யானை வேண்டுமென்று ஜப்பானியக் குழந்தைகள் கேட்டார்கள். 1949-இல் நேரு அனுப்பிய யானைக்குத் தம் மகளின் பெயரையே வைத்தார்: இந்திரா. அது 1983 வரை வாழ்ந்தது.

கே: 2015-இல் உயிரியல் பூங்காக்களின் உலகச் சங்கம் ஜப்பானின் சங்கத்தை ஏன் இடைநீக்கம் செய்தது?

டால்பின்களுக்காக. தாய்ஜி என்ற கடலோர ஊரில், படகுகளிலிருந்து உலோகக் குழாய்களைத் தட்டி ஓசையெழுப்பி, டால்பின் கூட்டங்களைச் சிறு விரிகுடாவுக்குள் விரட்டுவார்கள். காட்சிக்கு ஏற்றவற்றைத் தேர்ந்தெடுத்து விற்பார்கள். மற்றவற்றில் பல இறைச்சியாகும். அங்கே வாங்கியவர்களில் ஜாசாவின் உறுப்பினர்களும் இருந்தார்கள். விலங்குநல அமைப்பு ஒன்று சுவிட்சர்லாந்தில் உலகச் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்த பிறகு, ஏப்ரலில் இடைநீக்கம் வந்தது.

உலகச் சங்கத்தைவிட்டு வெளியேறினால் அரிய விலங்குகளைப் பரிமாறிக்கொள்ளும் வழி குறுகிவிடும். ஒரே இரத்த உறவுக்குள் இனப்பெருக்கம் செய்துகொண்டே போனால் எந்தக் கூட்டமும் நலிந்துவிடும் என்பது பூங்காக்காரர்களுக்குத் தெரியும். மே மாதம் 152 உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தார்கள். 99 பேர் உலகச் சங்கத்தில் நீடிக்கலாம் என்றார்கள்; 43 பேர் மறுத்தார்கள். தாய்ஜி வேட்டையில் பிடிபட்ட டால்பின்களை இனி வாங்குவதில்லை என்று ஜாசா முடிவெடுத்தது. அதே ஆண்டில் தாய்ஜியின் திமிங்கில அருங்காட்சியகம் ஜாசாவைவிட்டு விலகியது. பின்னர் வேறு சில இடங்களும் விலகின. அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டு எடுத்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். வெளியிலிருந்து அழுத்தம் வரும்வரை காத்திருந்ததுதான் வருத்தம்.

கே: விலகியவை எப்படித் தொடர்ந்து இயங்குகின்றன?

சங்கத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. இந்தியாவில் 1992-இல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் சட்டத்தால் உருவானது. அதன் அங்கீகாரமின்றிப் பூங்கா நடத்த முடியாது. ஜாசாவின் பிடி உறுப்பினர்கள்வரைதான்.

கே: குடும்பத்தோடு ஜப்பான் செல்கிறோம். டால்பின் காட்சிக்குப் போகலாமா?

டிக்கெட் வாங்குமுன் அந்த இடம் ஜாசாவின் உறுப்பினரா என்று பாருங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். டால்பின்கள் பல்லாண்டு வாழ்பவை. 2015-க்கு முன் பிடிபட்டவை உறுப்பினர்களிடமும் இருக்கக்கூடும். இந்த டால்பின் எங்கே பிறந்தது என்று அங்குள்ள பணியாளரிடம் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு குழந்தைகளை உள்ளே அழைத்துச் செல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.