தெருவுக்குள் முப்பது – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். சென்னைக் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 கி.மீ. வேக வரம்பு வந்ததை வரவேற்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் தினமும் வண்டி ஓட்டுகிற எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நான் மடிப்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு டூவீலரில் போய் வருகிறேன். மெட்ரோ வேலை, பள்ளம், சிக்னல் எல்லாம் சேர்ந்து பீக் அவரில் 20 தாண்டுவதே பெரிய விஷயம். ஊர்ந்து போகிற ஊருக்கு எதற்கு வேக வரம்பு? எப்போதாவது கிடைக்கும் காலி ரோட்டிலும் பிரேக்கில் கால் வைத்தே போக வேண்டுமா? முதலில் நடைபாதை போடட்டும், பள்ளத்தை மூடட்டும், அப்புறம் எங்களிடம் வரட்டும். இப்போது நடப்பது ஆயிரம் ரூபாய் அபராதம் வசூலிக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

என் சித்தி மகன் இங்கிலாந்துப் பக்கம், வேல்ஸில் கார்டிஃப் நகரத்தில் இருக்கிறான். அங்கே இதே மாதிரி கொண்டுவந்தபோது ஐந்து லட்சம் பேர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்கிறான். அவனும் போட்டிருக்கிறான். நல்ல ரோடு உள்ள நாட்டிலேயே மக்கள் ஏற்காத ஒன்றை இங்கே எப்படி ஏற்பார்கள்?

தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

ஆர்., மடிப்பாக்கம்

*

அன்புள்ள ஆர்.,

மன்னிக்க எதுவும் இல்லை. நீங்கள் கேட்டிருப்பதைத்தான் பலரும் கேட்கிறார்கள், அதனால் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

நீங்கள் பயப்படும் வரம்பு வேறு, நான் ஆதரித்த வரம்பு வேறு. 2023 ஜூனில் போக்குவரத்துக் காவல்துறை ரேடார் கருவிகளை வைத்து, பகலில் 40, இரவில் 50 என்று சொன்னபோது ஊரே கொதித்தது. அகலமான பெரிய சாலையிலும் 40 என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அப்புறம் குழு போட்டு ஆராய்ந்து நவம்பரில் மாற்றினார்கள். காருக்கு 60, டூவீலருக்கும் கனரக வாகனத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிக்குள் மட்டும் எல்லா வண்டிக்கும் 30. நான் எழுதியது இந்தக் கடைசி வரியைப் பற்றித்தான். மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் சாலையில் உங்களை யாரும் 30-ல் போகச் சொல்லவில்லை. வீட்டு வாசலிலிருந்து மெயின் ரோட்டைத் தொடும் வரைக்கும்தான் பேச்சு.

அந்தத் தூரம் ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30-ல் போனால் இரண்டு நிமிடம். 50-ல் போனால் 72 விநாடி. இழப்பு 48 விநாடி. இதுவும் ஒரு திருப்பம், ஒரு மாடு, ஒரு குப்பை வண்டிகூடக் குறுக்கே வராமல் ஒரே சீராக 50-ல் போக முடிந்தால்தான். நிஜத்தில் அதில் பாதிகூட மிச்சமாகாது.

ஊர்ந்து போகிற ஊருக்கு எதற்கு வரம்பு என்கிறீர்கள். 20 என்பது உங்கள் சராசரி. சிக்னலில் நின்ற நேரமும் மெட்ரோ தடுப்பில் நகர்ந்த நேரமும் அதில் அடக்கம். அந்த எரிச்சலோடு உள்தெருவுக்குள் திரும்பும் வண்டி என்ன செய்கிறது என்று பாருங்கள். விட்டதைப் பிடிக்கிறது. இருநூறு அடி காலியாக இருந்தால் 50 தொட்டுவிட்டு, முனையில் பிரேக் அடிக்கிறது. இடிப்பது சராசரி வேகம் இல்லை சார், அந்த இருநூறு அடி வேகம். ராத்திரி பத்து மணிக்கு மேல் தெரு முழுக்கவே காலி, அப்போது கேட்கவே வேண்டாம்.

வண்டிக்கு 13 மீட்டர் முன்னால் ஒருவர் திடீரென்று குறுக்கே வந்தால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் பக்கம் முழுதும் நிற்பது இதன் மேல்தான்.

தெருவில் தண்ணீர் லாரி நிற்கிறது. பக்கத்தில் ஹோஸ் கிடக்கிறது. லாரிக்கு முன்னாலிருந்து ஒரு பையன் பந்தைத் துரத்திக்கொண்டு வெளியே வருகிறான். அவன் கண்ணில் படும்போது உங்களுக்கும் அவனுக்கும் இடையே 13 மீட்டர், அதாவது மூன்று கார் நீளம். யாராக இருந்தாலும் பார்த்து, மூளைக்கு எட்டி, பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகும். 30-ல் வந்தால் அந்த ஒரு விநாடியில் எட்டேகால் மீட்டர் போயிருப்பீர்கள். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த நல்ல தார் ரோட்டில் இன்னும் ஐந்து மீட்டருக்குள். பையனைத் தொட்டும் தொடாமலும் வண்டி நின்றுவிடுகிறது. இதயம் படபடக்கும், திட்டுவீர்கள், அவனும் ஓடிவிடுவான்.

50-ல் வந்தால்? அதே ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர். பிரேக்கில் கை படும் முன்பே பையன் இருந்த இடம் தாண்டிப் போயிற்று. வேகம் கொஞ்சமாவது குறைந்த பிறகு இடிப்பதாகத்தான் நாம் கற்பனை செய்கிறோம். அப்படி இல்லை. முழு 50-ல் இடிக்கிறது. அந்த அடி, பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடியிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். 30-ல் பிரேக் பிடிக்காமலேயே இடித்தாலும் அது மூன்றரை மீட்டர், முதல் மாடி உயரம். கை கால் உடையலாம். ஆனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். நீங்கள் எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தெருவோரம் மணல் கிடந்தால் டூவீலருக்கு இது இன்னும் மோசம்.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. அரசின் அறிக்கை, மொத்தச் சாவில் 71 சதவீதத்துக்குக் காரணம் அதிவேகம் என்கிறது. அந்த 71-ஐ நான் முழுதாக நம்புவதில்லை. எஃப்.ஐ.ஆரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று எழுதுவது பழக்கமாகிப்போன வாசகம். சாலையின் குற்றமும் அதற்குள் புதைந்துபோகிறது. ஆனால் நடந்து போன 32,825 பேர் எதனால் இறந்தார்கள் என்பதற்கு மேலே சொன்ன 13 மீட்டர் கணக்கைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

முதலில் நடைபாதை போடட்டும் என்கிறீர்கள். போடத்தான் வேண்டும். அதை நானும் பல முறை எழுதியாயிற்று. ஆனால் உங்கள் வாதம் எனக்குத் தலைகீழாகத்தான் படுகிறது. நடைபாதை இருந்தால் ஆள் மேலே, வண்டி கீழே. கொஞ்சம் வேகமாகப் போனாலும் ஒரு தடுப்பு உண்டு. நம் தெருவில் ஒரு பக்கம் மழைநீர் வடிகால், அதன் மேல் யாரோ போட்ட சாய்தளம். அடுத்து டிரான்ஸ்ஃபார்மர். அதற்கடுத்து கவர் போட்டு மூடிய கார். இதையெல்லாம் சுற்றிக்கொண்டு நடக்கிறவர்கள் தெரு நடுவுக்குத்தான் வர வேண்டும். ரேஷன் பையோடு வரும் வயசான அம்மாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? தெருவைக் கடக்கும்போது ஒரு கையை நீட்டி, உள்ளங்கையை வண்டிகளுக்குக் காட்டிக்கொண்டே கடப்பார்கள். பாதி தூரத்தில் நின்று இன்னொரு பக்கம் கையை மாற்றுவார்கள். அவர்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்தக் கை. நடைபாதை வரும் வரை அவர்கள் காத்திருக்க முடியாது, நாளைக்கும் ரேஷன் கடைக்குப் போகத்தானே வேண்டும்?

இந்த இடத்தில் ஸ்பெயின் செய்ததைச் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் நாடு முழுக்க நகரத் தெருக்களுக்கு விதியை மாற்றினார்கள். ஒவ்வொரு திசைக்கும் ஒரே ஒரு லேன் இருக்கும் தெருவில் 30. இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 50. நடைபாதையும் ரோடும் ஒரே மட்டத்தில் இருக்கும் தெருவில் 20. தெருவைப் பார்த்தாலே வரம்பு தெரிந்துவிடும், பலகையைத் தேட வேண்டியதில்லை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நடைபாதையே இல்லாத நம் உள்தெருக்கள் எல்லாம் 20-க்குள் வரும். நாம் 30 கொடுத்திருக்கிறோம்.

நம் விதியின் பலவீனமும் இங்கேதான். 'குடியிருப்புப் பகுதி' எங்கே தொடங்குகிறது? மடிப்பாக்கத்தில் மெயின் ரோட்டிலும் மேல் மாடி எல்லாம் வீடுதான். அறிவித்த பிறகு என் பகுதியில் தெருமுனையில் ஒரு 30 பலகைகூட நான் பார்க்கவில்லை. சொல்லாத வரம்பை யார் மதிப்பார்கள்? இதில் உங்கள் கோபத்தோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

சரி, வேல்ஸ். உங்கள் சித்தி மகன் சொன்னது ஏறக்குறைய உண்மை. 2023 செப்டம்பர் 17 அன்று, வீடுகள் நெருங்கிய தெருக்களுக்குப் பொது வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தார்கள். நம் கணக்கில் 48-லிருந்து 32. எதிர்த்து வந்த மனுவில் 4 லட்சத்து 70 ஆயிரம் பேர் வரை கையெழுத்திட்டார்கள். அந்த நாட்டு ஜனத்தொகையே 31 லட்சம்தான், அதனால் இது சின்ன எதிர்ப்பு இல்லை. வேல்ஸ் நாடாளுமன்ற இணையதளத்தில் அதுவரை எந்த மனுவுக்கும் அவ்வளவு கையெழுத்து விழுந்ததில்லை.

சித்தி மகன் உங்களிடம் சொல்லாமல் விட்டது அப்புறம் நடந்தது. 20 மைல், 30 மைல் வரம்புள்ள சாலைகளைச் சேர்த்துப் பார்த்தால் காயமடைந்தோர், இறந்தோர் எண்ணிக்கை முதல் வருடத்திலேயே ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அரசு மனுவைக் குப்பையில் போடவும் இல்லை. 2024-ல் வழிகாட்டியைத் திருத்தி, வீடுகளோ பள்ளிகளோ இல்லாத, ஊரைக் கடந்து போகும் சாலைகளை மறுபடி 30 மைலுக்கு மாற்ற உள்ளூர் கவுன்சில்களுக்கு வழி செய்தார்கள். பொது வரம்பு 20 மைலாகவே இருக்கிறது. எதிர்த்தவர்கள் சொன்னதில் சரியானதை எடுத்துக்கொண்டார்கள், தெருவை விட்டுக்கொடுக்கவில்லை. நம் ஊரிலும் ஜூனுக்கும் நவம்பருக்கும் இடையில் பாதி அப்படித்தான் நடந்தது. நடக்காத பாதி, பலகையும் தெரு வேலையும்.

அபராதம் பற்றி. உள்தெருவில் ரேடார் கருவி கிடையாது, வரப் போவதும் இல்லை. ஆயிரம் ரூபாய்க்குப் பயந்து யாரும் அங்கே மெதுவாகப் போகப் போவதில்லை. தெருவின் அமைப்புதான் வேகத்தைக் குறைக்க வேண்டும். நம் ஆட்களுக்கு அது என்றாலே ஸ்பீட் பிரேக்கர்தான் நினைவுக்கு வரும். ராத்திரியோடு ராத்திரியாக, மீதி ஜல்லியைக் கொட்டிச் செங்குத்தாக ஒரு மேடு, வெள்ளைக் கோடு இல்லை, விளக்கு இல்லை. டூவீலரில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தூக்கி எறியப்படுவது அதனால்தான். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் விதியில் வேகத்தடை என்பது 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம். மெல்ல ஏறி மெல்ல இறங்கும். 25-ல் போனால் முதுகு குலுங்காது, 50-ல் போனால் குலுங்கும். கிட்டத்தட்ட நமக்கு வேண்டிய வேகத்துக்காகவே கணக்கிட்ட அளவு. உங்கள் தெருவில் இருப்பதை ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்கள். பள்ளிக்கூட வாசலிலும் கோயில் முனையிலும் கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்கு அகலமாகத் தூக்கிக் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. வண்டி ஏறி இறங்கட்டும், நடக்கிறவர் இறங்கி ஏற வேண்டாம்.

இன்னொன்று, கட்டுரையில் இடம் இல்லாமல் விட்டது. சில நிமிடங்களில் மளிகை கொண்டுவரச் சொல்லும் செயலிகள் இருக்கும் வரை அந்த டெலிவரி தம்பிகளைப் பார்த்து 30-ல் போ என்று சொல்வது அநியாயம். அவர்களின் வேகத்தை நிர்ணயிப்பது வேறு யாரோ. சட்டம் அந்த இடத்தையும் தொட வேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் இருந்த கோபத்துக்கு ஒரு உபயோகம் உண்டு. வார்டு கவுன்சிலருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் ஒரு மனு எழுதுங்கள். தெருப் பெயர், எந்தெந்த முனையில் 30 பலகை வேண்டும், விதிப்படி இல்லாத வேகத்தடை எது, அதன் அளவு என்ன, கூடவே இரண்டு மூன்று புகைப்படம். நடைபாதையையும் அதே மனுவில் கேளுங்கள். தெருக்காரர்கள் பத்து பேர் கையெழுத்துப் போட்டால் போதும், ரேஷன் கடைக்குப் போகும் அம்மாக்களிடமும் வாங்குங்கள். என் பகுதிக்கு நான் எழுதிய மனு கைவசம் இருக்கிறது. வேண்டுமென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.